ஹாஃபிஸின் கஸல் நடையில் அப்படி என்ன இருக்கிறது?

கேள்வி இதுதான்: மொழிபெயர்ப்பில் ஹாஃபிஸைப் படித்தால் மது, ரோஜா, புல்புல் பறவை, காதலியின் கூந்தல் என்று அதே சங்கதிகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒரே பாட்டுக்குள் இரண்டடிக்கு ஒருமுறை பேச்சு மாறிவிடுகிறது. பிறகு எப்படி அவரைப் பாரசீகக் கவிதையின் உச்சம் என்கிறார்கள்? அவருடைய நடையில் தனித்தன்மை என்று எதைச் சொல்வது?

நீங்கள் கவனித்த இரண்டுமே சரி. ஹாஃபிஸ் புதுப்பொருள் தேடிப் போனவர் இல்லை. ரோஜாவும் புல்புலும், மெழுகுவர்த்தியும் விட்டிலும், கூந்தல் வலையும் அவர் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே பாரசீகத்தில் எல்லோர் கையிலும் புழங்கியவை. ஹாஃபிஸ் வாழ்ந்த, ஈரானிலுள்ள ஷிராஸ் நகரிலேயே அவருக்கு ஒரு நூற்றாண்டு முன்பு வாழ்ந்த கவிஞர் ஸஅதி இவற்றையெல்லாம் தெளிந்த நீரோட்டமாகப் பாடி முடித்துவிட்டார். அதற்கப்புறம் வந்த ஹாஃபிஸ், அந்தப் பழைய சொற்களையே எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பொருளில் பேச வைத்தார். ஒரு பொருளில் ஒரு சொல்லோடு கைகோக்கும். இன்னொரு பொருளில் வேறொரு சொல்லோடு. அவருடைய நடையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. மொழிபெயர்ப்பில் முதலில் போவதும் அதுதான். அதனால்தான் உங்களுக்கு வெறும் ரோஜாவும் மதுவும் மட்டும் மிஞ்சின.

ஆளைப் பற்றிச் சுருக்கமாக: ஷம்ஸுத்தீன் முஹம்மது, 14ஆம் நூற்றாண்டு, ஷிராஸ். 1390 வாக்கில் இறந்தார். ஹாஃபிஸ் என்பது புனைபெயர். குர்ஆனை மனப்பாடமாக அறிந்தவர் என்று பொருள். நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் ஹாபிழ் என்று சொல்வார்களே, அதே சொல். குர்ஆனைப் பதினான்கு ஓதல் முறைகளிலும் மனப்பாடமாகச் சொல்வதைப் பற்றி ஒரு கஸலில் அவரே குறிப்பிடுகிறார். ஓதிப் பழகிய அந்தக் காது அவருடைய நடைக்குள் ஆழமாக இறங்கியிருக்கிறது. நமக்குக் கிடைத்திருப்பவை ஐந்நூறுக்குச் சற்றுக் குறைவான கஸல்கள். கஸ்வீனி, கனீ என்ற இரு அறிஞர்கள் 1941இல் வெளியிட்ட பதிப்பில் 495. பின்னால் கான்லரி என்ற அறிஞர் கொண்டுவந்த பதிப்பில் 486.

கஸலின் அமைப்பு எளிது. இரண்டு அடி சேர்ந்தது ஒரு பைத். முதல் பைத்தில் இரண்டு அடியும் ஒரே இயைபில் முடியும். அதற்குப் பிறகு ஒவ்வொரு பைத்திலும் இரண்டாம் அடி மட்டும் அதே இயைபில் வந்து விழும். கடைசி பைத்தில் கவிஞர் தன் பெயரைச் சொல்வார். நமக்கு எதுகையும் மோனையும் அடியின் தொடக்கத்தில் வேலை செய்கின்றன. பாரசீகக் காது அடியின் கடைசிக்காகக் காத்திருக்கும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு அவருடைய தொகுப்பில் முதலாவதாக வைக்கப்படும் கஸலைப் பார்ப்போம். ஏழே பைத்.

"அலா யா அய்யுஹஸ் ஸாகீ அதிர் கஃஸன் வ நாவில்ஹா / கே இஷ்க் ஆஸான் நமூத் அவ்வல் வலீ உஃப்தாத் முஷ்கில்ஹா." ஏ மது ஊற்றுபவனே, கிண்ணத்தைச் சுற்றி வரவிட்டு எங்களிடம் நீட்டு, காதல் முதலில் எளிதாகத் தெரிந்தது, பிறகு சிக்கல்கள் வந்து விழுந்தன. முதல் அடி முழுக்க அரபி, இரண்டாம் அடி பாரசீகம். சந்தத்தைக் கை தட்டிப் பாருங்கள்: அ-லா-யா-அய் / யு-ஹஸ்-ஸா-கீ / அ-திர்-கஃ-ஸன் / வ-நா-வில்-ஹா. ஒரு குறுகிய அசை, மூன்று நீண்ட அசை. அப்படி நான்கு முறை. மெய்யில் முடியும் அசையும் நீண்டதாகவே கணக்கு. ஏழு பைத், பதினான்கு அடி, ஓரிடத்திலும் தாளம் பிசகவில்லை. ஆனால் இந்தச் சந்தத்தை மற்றவர்களும்தான் பிசகாமல் எழுதினார்கள். ஹாஃபிஸின் கைவேலை அடியின் முடிவில் இருக்கிறது. 'முஷ்கில்ஹா', 'தில்ஹா', 'மன்ஸில்ஹா', 'ஸாஹில்ஹா' என்று வரும் பாரசீகச் சொற்களில் 'ஹா' என்பது பன்மை விகுதி: சிக்கல்கள், இதயங்கள், தங்குமிடங்கள், கரைகள். முதல் அடியின் 'நாவில்ஹா'விலும் கஸலின் கடைசிச் சொல்லான 'அஹ்மில்ஹா'விலும் வரும் 'ஹா' அரபி. 'அதை' என்று பொருள். அதை நீட்டு, அதை விட்டுத்தள்ளு. தொடக்கத்தில் 'அது' கிண்ணம், முடிவில் 'அது' இந்த உலகம். கிண்ணத்தைக் கேட்டுத் தொடங்கிய பாட்டு, "நீ விரும்பியவரைச் சந்திக்கும்போது உலகத்தை விட்டுவிடு" என்று அரபியிலேயே முடிகிறது. ஒரே ஒலி, இரண்டு மொழி, இரண்டு இலக்கணம். கேட்பவருக்கு எதுவும் உறுத்தாது, வழுக்கிக்கொண்டு போய்விடும்.

இப்போது இரண்டாவது பைத். நடை என்று நான் சொல்வது இதில் அப்படியே கண்ணுக்குத் தெரியும். மேலோட்டமான பொருள்: காலைத் தென்றல் அந்தக் கூந்தலிலிருந்து அவிழ்த்துவிடப்போகும் கஸ்தூரியின் மணத்துக்காக, அந்தக் கஸ்தூரிச் சுருளின் முறுக்கால், இதயங்களில் எவ்வளவு இரத்தம் விழுந்தது! மணத்துக்கு அவர் வைத்த சொல் 'பூய்'. அதற்கு நம்பிக்கை, எதிர்பார்ப்பு என்றும் பொருள் உண்டு. ஆக 'மணத்துக்காக' என்பது 'கிடைக்கும் என்ற ஆசையில்' என்றும் ஆகிறது. முறுக்குக்கு வைத்த சொல் 'தாப்'. முறுக்கு, வெப்பம், ஒளி, வேதனை எல்லாம் அதற்குள் அடங்கும். கூந்தலின் சுருள் என்று படித்துக்கொண்டே அந்த வேதனையின் சூட்டையும் உணர்கிறோம். அப்புறம் இரத்தம். இதயத்தில் இரத்தம் விழுவது என்றால் துயரப்படுவது. அது வழக்குப் பேச்சு. ஆனால் கஸ்தூரி என்பது மானின் தொப்புள் பையில் இரத்தம் உறைந்து உண்டாவது என்பது அந்தக் கால நம்பிக்கை. கஸ்தூரிப் பையை முதல் அடியில் வைத்துவிட்டு, இரத்தத்தை இரண்டாம் அடியில் வைக்கிறார். காதலர்களின் இதயத்தில் விழுந்த இரத்தமே ஒருநாள் மணமாகும் என்ற பொருள், அவர் வாய்விட்டுச் சொல்லாமலேயே வந்துவிடுகிறது.

'பூய்' என்பதற்கு நம்பிக்கை என்ற பொருளை நாமாக ஏற்றிச் சொல்கிறோமோ என்று சந்தேகம் வரலாம். அவருடைய இன்னொரு கஸலில் அது வெளிப்படையாகவே வருகிறது: "லாபத்தின் பூய்க்காகக் கடலின் துன்பம் முதலில் எவ்வளவு எளிதாகத் தெரிந்தது! தவறு செய்தேன், இந்தப் புயலுக்கு நூறு முத்தும் ஈடாகாது." இங்கே மணத்துக்கு வேலையே இல்லை, லாப ஆசை மட்டும்தான். இந்தக் கஸலோடு தக்காணத்துக் கதை ஒன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாமினி சுல்தான் முஹம்மது ஷாவின் அரசவையிலிருந்து அழைப்பும் பணமும் போனதாம். ஹாஃபிஸ் ஹோர்முஸ் துறைமுகம்வரை வந்து கப்பல் ஏறி, புயலைப் பார்த்து இறங்கிவிட்டு, இந்தக் கஸலை மட்டும் அனுப்பி வைத்தாராம். பிஜப்பூரிலிருந்து எழுதிய வரலாற்றாசிரியர் ஃபிரிஷ்தா சொல்லும் கதை இது. கதை எப்படியோ, 'முதலில் எளிதாகத் தெரிந்தது' என்ற சொற்கள் இரண்டு கஸலிலும் வருவதைக் கவனியுங்கள். ஒன்றில் காதல், மற்றதில் கடல். தன் சொற்களைத் தானே திரும்ப எடுத்து வேறு கோணத்தில் வைத்துப் பார்ப்பது அவருடைய வழக்கம்.

ஒரு சொல்லை இப்படி இரு பொருள்பட வைப்பதற்குப் பாரசீக அணியிலக்கணத்தில் ஈஹாம் என்று பெயர். நம் சிலேடைக்குப் பக்கத்தில் வரும், ஆனால் அதேதான் என்று சொல்ல மாட்டேன். சிலேடையில் புலவர் இரண்டு பொருளையும் நம் முன்னால் பிரித்துக் காட்டி வியக்க வைப்பார். ஹாஃபிஸின் ஈஹாமில் ஒரு பொருள் முன்னால் நிற்கும். மற்றது பின்னால் நிழலாக நின்று பக்கத்துச் சொற்களை இழுத்துக்கொண்டிருக்கும். கவனிக்காமல் போனாலும் பைத் நிறைவாகவே இருக்கும். "கிண்ணத்தில் நாங்கள் காதலரின் முகத்தைக் கண்டோம், எங்கள் இடைவிடாத பருகலின் இன்பம் அறியாதவனே!" என்று ஒரு பைத். இதில் இடைவிடாத என்பதற்கான 'முதாம்' என்ற சொல்லுக்கு மது என்றே இன்னொரு பொருள். தெரியாதவர் ஒன்றையும் இழப்பதில்லை. தெரிந்தவருக்குக் கிண்ணத்தில் இன்னொரு வாய் கூடுகிறது.

இன்னொன்று தமிழ் வாசகருக்கு உடனே பிடிபடும். "அழுகையால் என் கண்ணின் மர்தும் இரத்தத்தில் உட்கார்ந்திருக்கிறது, உன்னைத் தேடுவதில் மர்துமின் நிலை என்ன ஆயிற்று பார்." மர்தும் என்றால் மனிதர், மக்கள். கண்ணின் மர்தும் என்றால் கண்ணின் கருமணி. அதில் தெரியும் சின்ன உருவத்தால் வந்த பெயர். நாமும் கண்ணின் பாவை என்கிறோமே, அதே பார்வைதான். முதல் அடியில் கருமணி, இரண்டாம் அடியில் கருமணியும் மக்களும். ஒருவனுடைய சிவந்த கண்ணைக் காட்டத் தொடங்கிய பைத், உன்னைத் தேடும் எல்லாருடைய நிலையும் இதுதான் என்று ஊருக்கே விரிந்துவிடுகிறது. இரத்தத்தில் 'உட்கார்ந்திருக்கிறது' என்று சொன்னதால், துக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆளின் தோற்றமும் கருமணிக்கு வந்துவிடுகிறது.

பொருள் இப்படி என்றால் ஒலி அதற்குமேல். எனக்கு மிகவும் பிடித்த பைத்: "ரிஷ்தயே தஸ்பீஹ் அகர் பிகுஸஸ்த் மஅதூரம் பிதார் / தஸ்தம் அந்தர் ஸாஇதே ஸாகீயே ஸீமீன்ஸாக் பூத்." தஸ்பீஹ் என்னும் ஜெபமாலையின் மணிக் கயிறு அறுந்துவிட்டது என்றால் மன்னியுங்கள், என் கை வெள்ளிக் காலுடைய ஸாகீயின், அதாவது மது ஊற்றுபவரின், முன்கைமேல் இருந்தது. இரண்டாம் அடியை உரக்கச் சொல்லிப் பாருங்கள். ஸாஇத், ஸாகீ, ஸீமீன், ஸாக் என்று 'ஸ' அடுத்தடுத்து ஓடுகிறது, அறுந்த கயிற்றிலிருந்து மணிகள் ஒன்றன்பின் ஒன்றாக உருள்வது போல. நம் மோனைக்குப் பழகிய காதுக்கு இது விருந்து. ஆனால் ஒலி தனியாக நிற்கவில்லை. தஸ்பீஹைப் பிடித்திருக்க வேண்டிய கை வேறொரு கையைப் பிடித்தது; அதனால் கயிறு அறுந்தது. மன்னிப்புக் கேட்பவனின் குரலில் வருத்தம் துளியும் இல்லை. 'மன்னியுங்கள்' என்று எவ்வளவு பணிவாகத் தொடங்குகிறான் பாருங்கள்!

அந்தக் குரல்தான் அடுத்த விஷயம். ஹாஃபிஸின் கஸல்களில் ஒரு நிரந்தர நாடகக் குழு உண்டு. ஒரு பக்கம் ஸாஹித் என்னும் வறட்டுத் துறவி, வாஇஸ் என்னும் போதகர், சூஃபி, ஷேக், அப்புறம் முஹ்தஸிப், அதாவது தெருவில் ஒழுக்கம் பார்க்கும் அதிகாரி. மறுபக்கம் ரிந்த்: குடிகாரன், ஊரால் ஒதுக்கப்பட்டவன், பெயர் கெட்டவன், ஆனால் வேஷம் போடாதவன். அவனுக்கு வழிகாட்டி பீரே முகான் என்னும் மதுக்கடை முதியவர். "அவர் சொன்னால் தொழுகை விரிப்பை மதுவால் நனை" என்கிறது நாம் பார்த்த முதல் கஸலே. தன்னையும் ஹாஃபிஸ் விட்டுவைப்பதில்லை. குர்ஆன் ஓதும் ஹாஃபிஸையும் அந்த வேஷதாரிகளின் வரிசையில் அடிக்கடி நிறுத்துவார். கண்டனம் செய்யும்போதும் சத்தம் போட மாட்டார். "மிஹ்ராபிலும் மிம்பரிலும் இவ்வளவு காட்சி தரும் போதகர்கள், தனியறைக்குப் போனதும் அந்த இன்னொரு வேலையைச் செய்கிறார்கள்." மிஹ்ராப் பள்ளிவாசலின் தொழுகை மாடம், மிம்பர் பிரசங்க மேடை. எந்த வேலை? சொல்லவில்லை. அடுத்த பைத்தில் சபை அறிஞரிடம் ஒரு சந்தேகம் மட்டும் கேட்கிறார்: தௌபா, அதாவது பாவத்துக்கு வருந்தித் திருந்துதல், செய்யச் சொல்பவர்கள், தாங்கள் ஏன் அவ்வளவாகத் தௌபா செய்வதில்லை?

இதற்குப் பின்னால் நிஜமான வரலாறு இருக்கிறது. 1353இல் ஷிராஸைப் பிடித்த முபாரிஸுத்தீன் முஹம்மது கடுமையான மதக் கெடுபிடிக்காரர், மதுக்கடைகளை அடைத்தார். "மது மகிழ்ச்சி தரும், காற்றும் பூவைத் தூவுகிறது, ஆனாலும் யாழ் ஒலியோடு குடிக்காதே, முஹ்தஸிப் கூர்மையாக இருக்கிறான்" என்ற கஸலை அந்தக் காலத்தோடு சேர்த்துப் படிப்பது வழக்கம். அதிலும் மதுவுக்கு 'பாதா', காற்றுக்கு 'பாத்' என்று ஒலி விளையாட்டை விடவில்லை. 1358இல் முபாரிஸைச் சொந்த மகன் ஷா ஷுஜாவே பதவியிலிருந்து இறக்கிக் கண்ணைக் குருடாக்கினார். அதற்குப் பிறகு வரும் குரல் வேறு: "விடியற்காலையில் அசரீரி நற்செய்தி சொன்னது: இது ஷா ஷுஜாவின் காலம், தைரியமாகக் குடி." ஆக, மது என்று வந்தாலே ஆன்மிகக் குறியீடு என்று எடுத்துக்கொள்வது தவறு, எல்லாம் வெறும் திராட்சை மதுதான் என்று சாதிப்பதும் தவறு. சில இடங்களில் அது நகரத்தின் அரசியல். பாரசீகத்தில் ஆண்பால், பெண்பால் விகுதி இல்லாததும் இதற்குத் துணை போகிறது. 'ஊ' என்ற ஒரே சொல் அவன், அவள், அது, இறைவன், அரசன் எல்லாரையும் சுட்டும். தமிழில் கொண்டுவருபவர் அவனா அவளா என்று முடிவு செய்த நொடியிலேயே பாதிக் கதவு மூடிவிடுகிறது.

சரி, அடிக்கு அடி விஷயம் மாறுவது? உங்களுக்கு முன்பே இதைக் கேட்டவர் அதே ஷா ஷுஜாதான். 16ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் குவாந்தமீர் சொல்லும் கதைப்படி, "உங்கள் கஸலில் ஒரு பைத் மது, ஒரு பைத் சூஃபி ஞானம், ஒரு பைத் காதலியின் அழகு. ஒரே பாட்டுக்கு இது அழகில்லையே" என்றாராம் மன்னர். "மன்னர் சொல்வது உண்மை, ஆனாலும் என் பாட்டு எங்கெங்கோ பரவுகிறது, மற்றவர்கள் பாட்டு ஷிராஸ் வாசலைத் தாண்டவில்லை" என்றாராம் ஹாஃபிஸ். ஷா ஷுஜாவும் கவிதை எழுதுபவர் என்பதால் அந்தப் பதில் யாரைச் சுட்டது என்பது தெளிவு. ஆனால் பதிலில் குறும்பு இருக்கிறதே தவிர விளக்கம் இல்லை.

எனக்குப் படுகிற விளக்கம் இது. பைத்துகளைக் கதை கோக்கவில்லை, சொற்கள் கோக்கின்றன. முதல் கஸலையே எடுங்கள். மது, கூந்தல், பயணக் கூட்டத்தின் மணி, தொழுகை விரிப்பு, இருண்ட கடல், கெட்டுப்போன பெயர் என்று ஆறு பைத்தும் ஆறு இடம். ஆனால் 'எளிதாகத் தெரிந்தது, பிறகு சிக்கல்' என்ற முதல் பைத்தின் வாக்கியம்தான் ஒவ்வொன்றிலும் புது உருவம் எடுக்கிறது. கூந்தல் சிக்கலாகிறது. தங்குமிடத்தில் நிம்மதியாக உட்கார முடியாமல் "மூட்டையைக் கட்டுங்கள்" என்று மணி கூவுகிறது. இருண்ட இரவு, அலையின் அச்சம், பயங்கரமான சுழல், "கரையில் சுமையின்றி நிற்பவர்களுக்கு எங்கள் நிலை எங்கே தெரியும்?" எளிது என்று நினைப்பவர்கள் இப்போது கரையில் நிற்கிறார்கள், பேசுபவர் நடுக்கடலில். 'மன்ஸில்' என்ற சொல் ஒரு பைத்தில் காதலரின் வீட்டையும், இன்னொரு பைத்தில் ஞானப் பாதையின் கட்டங்களையும் சுட்டுகிறது. ஏடுகளுக்கு ஏடு அவருடைய கஸல்களில் பைத்துகளின் வரிசை மாறிக் கிடப்பது உண்மை. பல இடங்களில் மாற்றினாலும் கஸல் குலைவதில்லை. எல்லாக் கஸலுக்கும் இப்படி ஒரு மைய நூல் இருக்கிறது என்று சாதிக்க மாட்டேன். சிலவற்றில் உண்மையிலேயே முத்துகள் தனித்தனிதான். ஸஅதியிடம் கிடைக்கும் ஒரே மூச்சு ஓட்டத்தை இங்கே எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

ஹாஃபிஸ் உயிரோடு இருக்கும்போது தன் தொகுப்பைத் தானே முடிவாக்கி வைத்ததாகத் தெரியவில்லை. அதனால் ஏடுகளில் சொல் வேறுபாடுகள் ஏராளம். அவற்றில் சில, அவரே திருத்தித் திருத்திப் பாடியதால் வந்தவையாகவும் இருக்கலாம். புகழ்பெற்ற சண்டை ஒன்று: "கஷ்தீ ஷிகஸ்தகானீம், ஏ பாதே ஷுர்தா பர்கீஸ்", அதாவது கப்பல் உடைந்தவர்கள் நாங்கள், ஏ நற்காற்றே எழு என்று ஒரு பாடம். "கஷ்தீ நிஷஸ்தகானீம்", கப்பலில் உட்கார்ந்திருப்பவர்கள் நாங்கள் என்று இன்னொரு பாடம். கப்பல் உடைந்த பிறகு காற்று எதற்கு என்பது இரண்டாம் பாடத்தார் வாதம், நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் என் ஓட்டு உடைந்த கப்பலுக்கே. காரணம் அடுத்த அடி: "அந்த ஆஷ்னாவின் முகத்தை மறுபடி காணக்கூடும்." ஆஷ்னா என்றால் பழகியவர், நண்பர். பழைய பாரசீகத்தில் அதற்கு நீச்சல் என்றும் பொருள். கப்பல் உடைந்து தண்ணீரில் கிடப்பவன் வாயில் வரும்போதுதான் அந்த இரண்டாம் பொருள் உயிர் பெறுகிறது. கப்பலில் சும்மா உட்கார்ந்திருப்பவனுக்கு நீச்சலின் நினைவே வராது. ஒரே பைத்துக்கு இரண்டு மொழிபெயர்ப்புகள் முரண்படுவதைப் பார்த்தால், எது பிழை என்று தேடுவதற்கு முன்னால், மொழிபெயர்த்தவர் எந்தப் பதிப்பை வைத்திருந்தார் என்று பாருங்கள். தொடங்குவதற்கு அந்த முதல் கஸலே போதும். பாரசீகர் ஒருவர் ஓதும் ஒலிப்பதிவோடு சேர்த்து, ஏழு பைத்தையும் சொல் சொல்லாகப் பிரித்துப் படியுங்கள்.